வளர்பிறையில் ஆரம்பித்த மாத்திரைகள்

நர்ஸம்மா மாத்திரைகளைத் திருடி விற்கிறார் என்று சொன்னவர் டாக்டர். அதை உடனே நம்பியவன் நான்.

யுத்தம் முடிந்த மறு வருஷம். பி.எஸ்ஸி. முடித்த கையோடு அடையாறில் ஒரு டாக்டரின் பங்களாவில் வேலைக்குச் சேர்ந்திருந்தேன். பின்கட்டுதான் ஆராய்ச்சிசாலை. ஒரு மைக்ராஸ்கோப், ஒரு ஐஸ் பெட்டி, கூண்டு நிறைய முயல்கள், அப்புறம் நான். டைப் அடிப்பதும் முயல் முதுகைச் சிரைப்பதும் என் உத்தியோகம். வீட்டில் முதல் பாதியை மட்டும் சொல்லியிருந்தேன்.

டாக்டருக்கு ஒரே கேள்வி. அம்மை குத்திக்கொண்டால், அந்தக் கிருமியை எதிர்க்கிற ஒரு பொருள் ரத்தத்தில் உண்டாகிறது, ஆன்டிபாடி என்பார்கள். குத்திக்கொண்டவருக்கு வைட்டமின் ‘சி’யும் கொடுத்தால் அது கூடுதலாக ஊறுமா? மயிலாப்பூருக்கு வடக்கே, ராயப்பேட்டையை ஒட்டிய ஒரு சந்தைப் பிடித்தோம். பைண்டிங் வேலை, தையல் வேலை செய்கிற முஸ்லிம் குடும்பங்கள், பத்து வீடு. எல்லோருக்கும் அம்மை குத்தியாயிற்று. அன்று முதல் நாலு வாரம் தினம் ஆளுக்கொரு மாத்திரை. ஒற்றைப்படை வீடுகளுக்கு நிஜ வைட்டமின். இரட்டைப்படை வீடுகளுக்கு அதே மாதிரி இருக்கிற வெறும் பால்சர்க்கரை. மாத்திரைகளைக் கொண்டுபோய்க் கொடுப்பது நர்ஸம்மா.

பதினைந்தாம் நாள் ரத்தம் எடுத்தோம். தெளிந்து மேலே நிற்கிற சீரத்தை, அம்மை குத்துகிற மருந்தான அம்மைப் பாலோடு கலந்து, முயலின் சிரைத்த முதுகில் கட்டம் கட்டமாகக் குத்த வேண்டும். கட்டத்தில் கொப்புளம் எழும்பாவிட்டால் ஆன்டிபாடி இருக்கிறது. தண்ணீர் கலந்து மெலிதாக்கிய சீரமும் கொப்புளத்தைத் தடுத்தால், நிறையவே இருக்கிறது. அவ்வளவுதான் வித்தை.

அஞ்சாம் நாள் முயல்களைப் பார்த்தோம். ஒற்றைப்படை, இரட்டைப்படை எல்லாம் ஒரே லட்சணம்.

“இது எப்படிப்பா?” என்றார் டாக்டர். “ஒரு வித்தியாசமாவது இருக்கணுமே.”

“ஒருவேளை வைட்டமினுக்கு அந்தச் சக்தியே இல்லையோ என்னமோ, சார்.”

“அதை முயல் சொல்லட்டும், நீ சொல்லாதே. முதல்ல மாத்திரை வாய்க்குப் போச்சான்னு பார்க்கணும். வெளியில இது கிடைக்கவே இல்லை. பிளாக்ல நல்ல கிராக்கி. அந்தம்மா பையைப் பார்த்திருக்கியா? எப்பவும் இறுக்கி மூடியே வெச்சிருக்கா.”

நானும் பார்த்திருந்தேன். அவர் சொன்ன பிறகு இன்னும் நன்றாகப் பார்த்த மாதிரி இருந்தது.

“ரெண்டு நாள் பின்னாலேயே போய்ப் பாரு. நிஜம்னா திங்கட்கிழமை கணக்கு முடிச்சு அனுப்பிடறேன்.”

நர்ஸம்மாவுக்கு நாற்பது வயசிருக்கும். சிந்தாதிரிப்பேட்டையில் வீடு. புருஷன் படுத்த படுக்கை. இந்தச் சம்பளத்தில்தான் அந்த வீட்டில் அடுப்பு எரிந்தது. அது எனக்குத் தெரியும். தெரிந்தும், துப்பறிகிற குஷியில் சைக்கிளுக்குக் காற்றடித்துக்கொண்டு கிளம்பினேன்.

மறுநாள் காலை ஆழ்வார்பேட்டையிலிருந்தே பின்தொடர்ந்தேன். அந்த அம்மாள் ஒரு தடவைகூடத் திரும்பவில்லை. சந்து முனையில் சோடாக் கடை மறைவில் நின்றுகொண்டு பார்த்தேன். ஒவ்வொரு வாசலிலும் ஆட்கள் வந்து மாத்திரையைக் கையில் வாங்கினார்கள். ஒருவராவது வாயில் போடவில்லை. ஒருவராவது தண்ணீர் கேட்கவில்லை. நர்ஸம்மாவோ நான் டைப் அடித்துக் கொடுத்த தாளில் ‘விழுங்கினார்’ என்ற கட்டத்தில் டிக் போட்டுக்கொண்டே போனார்.

அகப்பட்டாயா என்று நினைத்துக்கொண்டேன். ஆட்களோடு சேர்ந்து சதி. அவர் போன பிறகு கடைசி வீட்டுக்குள் நுழைந்தேன். பைண்டிங் வேலை செய்கிற பாய் ஒருவர் பசையைக் கிளறிக்கொண்டிருந்தார்.

“மாத்திரை எங்கே பாய்?”

“கீது. எங்க போவும்?”

“ஏன் முழுங்கல?”

அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார். “நைனா, நீ படிச்ச ஆளுதானே? நோம்பு வச்சிக்கினு பகல்ல முழுங்க சொல்றியே. தண்ணி பல்லுல பட்டாலே வம்பு. சாயங்காலம் வா, கண்ணால பாத்துக்க.”

சாயங்காலம் போனேன். கூடத்தில் நீளப் பாய் விரித்து அத்தனை வீட்டு ஆண்களும் உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் ஒரு தாம்பாளம். அதில் பேரீச்சம்பழம், பக்கத்தில் பீங்கான் கிண்ணம். வீட்டுக்கு வீடு வந்தவர்கள் தங்கள் மாத்திரையை அந்தக் கிண்ணத்தில் போட்டுவிட்டு உட்கார்ந்தார்கள். ஒற்றைப்படை, இரட்டைப்படை எல்லாம் ஒரே கிண்ணம். உள்ளே பெண்களுக்கு இன்னொரு கிண்ணமாம். மசூதியில் தொழுகைக்கு அழைக்கிற பாங்கு கேட்டதும் பழம் ஒன்று, மாத்திரை ஒன்று, கை போன திக்கில் எடுத்தார்கள்.

“அவரவர் மாத்திரையை அவரவர் சாப்பிடக் கூடாதா?” என்றேன்.

ஒரு தையல்காரர் சிரித்தார். “நோம்பு தொறக்கசொல்ல என்து உன்துன்னு பிரிப்பாங்களா? நேத்து எனக்குப் புளிப்பு மாத்திரையா வந்துச்சி. கஞ்சிக்கு ஜோரா இருந்துச்சி.” புளித்தது நிஜ வைட்டமின்; அவர் வீடோ இரட்டைப்படை.

எனக்கும் ஒரு கிண்ணம் கஞ்சி கொடுத்தார்கள். அதைக் கையில் வைத்துக்கொண்டே தேதிகளை எண்ணிப் பார்த்தேன்.

சோதனை கெட்டதற்குக் காரணம் மாத்திரை இல்லை, நர்ஸம்மாவும் இல்லை. ஆரம்பத் தேதி. அதைப் போட்டவன் நான். டைப் அடிக்க உட்கார்ந்தபோது அம்மா பஞ்சாங்கத்தை நீட்டி, “அமாவாசை கழியட்டும்டா. வளர்பிறையில ஆரம்பிச்சா எல்லாம் விருத்தியாகும்னு சொல்லிண்டே இருக்கேனோல்லியோ” என்றாள். நானும் பெரிய விஞ்ஞானி மாதிரி அஷ்டமி, நவமி எல்லாம் தள்ளி, பிறை தெரிகிற நாளாகப் பொறுக்கி எடுத்தேன். அதே பிறையைப் பார்த்துத்தான் அந்தச் சந்தில் நோன்பு ஆரம்பித்திருந்தது. என் நாலு வாரமும் அவர்களுடைய நோன்பு மாதமும் அச்சாக ஒன்று.

மறுநாள் காலை நர்ஸம்மா எனக்கு முன்னாலேயே வந்திருந்தார்.

“இன்னா தம்பி, நேத்து ரெண்டு தபா சந்துக்கு வந்தியாமே. காலைல சோடாக் கடையாண்ட நின்னுக்கினு இருந்தது நீதானே?”

ஆமாம் என்று தலையாட்டினேன். “நீங்க ஏம்மா ‘விழுங்கினார்’னு டிக் போட்டீங்க?” என்று கேட்டுவைத்தேன்.

“உன் தாள்ல ரெண்டே கட்டம். ‘விழுங்கினார்’, ‘மறுத்தார்’. அவுங்க மறுக்கலியே. சாயங்காலம் போட்டுக்கறோம்னாங்க, போட்டுக்கினாங்க. ‘கையில வாங்கினார்’னு நீ ஒரு கட்டம் வச்சியா?”

“கிண்ணத்துல கலக்கறாங்க, தெரியுமா?”

அவர் முகம் மாறியது. தெரியாது என்று அந்த முகத்தைப் பார்த்தே புரிந்தது. “அப்ப எனக்கு வேலை போச்சா?” என்று மெதுவாகக் கேட்டார்.

சும்மா இருந்திருக்கலாம். சுவரில் தொங்கிய காலண்டரை டாக்டர் ஒருநாளும் பார்த்ததில்லை. நர்ஸம்மா போயிருப்பார், நான் இருந்திருப்பேன். ஒரு மணி நேரம் அப்படித்தான் இருக்கலாமா என்று யோசித்தேன், பொய் சொல்லவில்லை. பிறகு தாளை மிஷினில் சொருகி நடந்ததை நடந்தபடி அடித்தேன். தேதி, பஞ்சாங்கம், கிண்ணம் எல்லாம்.

டாக்டர் இரண்டு தடவை படித்தார். “கஞ்சி ஊத்தி உன்னை வளைச்சுட்டாங்களா?”

“பழைய அட்டவணையைப் பாருங்க சார். தேதி நான் போட்டது. கீழே கையெழுத்து நீங்க போட்டது.”

பழைய அட்டவணையை எடுத்துத் தன் கையெழுத்தைப் பார்த்தார். பிறகு, “வேற தெரு பிடிக்கணும்” என்றார். நர்ஸம்மாவைக் கூப்பிட்டு, முகத்தைப் பார்க்காமல் கேட்டார்: “நோன்பு முடிஞ்சு பெருநாள் என்னிக்கு?”

“பொறை தெரிஞ்சாத்தான் சார் சொல்ல முடியும்.”

திங்கட்கிழமை யாரும் அனுப்பப்படவில்லை. புது அட்டவணையை அடித்து முடித்தபோது, டாக்டர் கைக்குப் போகுமுன் நர்ஸம்மா அதை வாங்கி ஒவ்வொரு தேதியாக விரல் வைத்துப் பார்த்தார்.

“இந்த தபா யாரைக் கேட்டுப் போட்ட?”

“உங்களைக் கேட்கலாம்னு இருந்தேன்.”

அவர் தாளை மடித்துப் பையில் வைத்தார். நான் அந்தப் பக்கம் பார்ப்பதைக் கவனித்து, பையை இறுக்கி மூடினார்.