லைட்டுக்காரர் முன்வரிசைக்கு வந்தார்

சிங்காநல்லூர்ப் பக்கம் ஒரு நூற்பாலையில் எலெக்ட்ரீசியனாக இருந்த அங்கப்பனை, கிணத்துக்கடவிலிருந்து வால்பாறை வரைக்கும் ‘லைட்டுக்காரர்’ என்றால்தான் தெரியும். மில் வேலை சோற்றுக்கு. மேடை விளக்கு கர்வத்துக்கு. பள்ளிக்கூட ஆண்டு விழாவோ எஸ்டேட் கிளப் நாடகமோ, மேடையின் இடது ஓரத்தில் லைட் போர்டை வைத்து, ஸ்டூல் போட்டு உட்கார்ந்துவிடுவார். நாடகம் நன்றாக இருந்ததா என்று கேட்டால் அவருக்குத் தெரியாது. மூன்றாவது காட்சியில் நீலம் எத்தனை நொடியில் இறங்கியது என்று கேளுங்கள், சொல்லுவார்.

பட்டனை இன்னொருவர் கையில் விடவே மாட்டார். ஒருமுறை இவர் டீ குடிக்கப் போன நேரத்தில் மைக்செட் அமீர் ஹம்சா அமுக்கிக் கொடுத்தார். அரை நொடி தாமதமாகிவிட்டது. சபையில் ஒருவரும் கண்டுகொள்ளவில்லை. அங்கப்பன் மட்டும் ஒரு வாரம் ஹம்சாவிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. பாவம் ஹம்சா, இதைக் கோபம் என்றே எடுத்துக்கொள்ளாமல், தலைவலி போல என்று மாத்திரை வாங்கிக் கொடுத்தார்.

இப்பேர்ப்பட்டவருக்கு ஒரே மகள் லோகப்பிரியா. ஒன்றாம் வகுப்பிலிருந்து ஆண்டு விழாவில் ஆடுகிறாள். எல்லா விழாவுக்கும் அப்பாதான் லைட். 1997 ஜனவரியில் அவள் பன்னிரண்டாம் வகுப்பு. அந்தப் பள்ளியில் அவளுக்கு அதுதான் கடைசி ஆட்டம்.

“ஏனுங்கப்பா, இந்த ஒரு வருசமாச்சும் முன்னாடி உக்காந்து நான் ஆடறதப் பாப்பீங்களா?”

“வருசா வருசம் பாத்துட்டுத்தான கண்ணு இருக்கறேன்.”

“அப்ப போன வருசம் நான் என்ன கலரு பாவாடை கட்டியிருந்தேன், சொல்லுங்க.”

அங்கப்பன் நன்றாக யோசித்துப் பார்த்தார். “மேல ஆம்பர், மஞ்ச லைட்டு, போட்டிருந்தேன் அம்மணி. அதுல எல்லாக் கலரும் ஒரே மாதிரிதான் தெரியும்.”

அவள் சிரிக்கவில்லை. எழுந்து உள்ளே போய்விட்டாள். அது அவருக்குச் சுருக்கென்று தைத்தது. எப்பாடு பட்டாவது இந்த முறை முன்னால் உட்கார்ந்துவிடுவது என்று முடிவு செய்தார். ஆனால் பட்டன்?

அந்த வருடம்தான் பெங்களூரிலிருந்து பழைய வெளிநாட்டு போர்டு ஒன்றை வாங்கி வந்திருந்தார். விளக்குகள் எப்படி எப்படி மாற வேண்டும் என்று வரிசையாகப் பதிந்து வைத்துவிட்டால், பட்டனை அமுக்க அமுக்க ஒவ்வொன்றாகப் போகும். அதன் பின்பக்கத்தில் ஒரு துளை இருந்தது. அதில் ஒயரைச் செருகி வெளியிலிருந்து ஒரு சிக்னல் கொடுத்தாலும், பட்டனை அமுக்கியது போலத்தான். டிக்‌ஷனரியை மடியில் வைத்துக்கொண்டு நான்கு நாள் கையேட்டைப் படித்ததில் இந்த ரகசியம் அவருக்குப் பிடிபட்டது. ஆளே வேண்டாம். ஆடுகிறவளே லைட்டை மாற்றிக்கொள்ளலாம்.

மில்லில் கழித்துப் போட்ட, அழுத்தினால் சிக்னல் கொடுக்கிற லிமிட் ஸ்விட்ச் ஒன்றைக் கேட்டு வாங்கி, ரப்பர் ஷீட்டுக்கு அடியில் பொருத்தி, மேடையின் நடுவில் ஒட்டி, அதன் ஒயரை போர்டின் துளையில் செருகினார். நடனம் தமிழ் டீச்சர் எழுதியது. லோகப்பிரியாதான் காவிரி. மலையில் பச்சை, கொடுமுடியில் நீலம், கடலில் சேரும்போது பொன்னிறம். அவள் நடுவுக்கு வந்து ஓங்கி மிதிக்கும்போதெல்லாம் நிறம் மாற வேண்டும். ஆறு ஒத்திகையிலும் இம்மி பிசகாமல் மாறியது. தன் மகளின் குதிகாலுக்கு இருக்கிற கணக்கு ஊரில் ஒருத்தனுக்கும் இல்லை என்று ஹம்சாவிடமே போய்ச் சொன்னார்.

விழாவன்று சாயங்காலம் அவர் ஏணியில் நின்று விளக்கைத் திருப்பிக்கொண்டிருந்தபோது, மனைவி ராசாத்தாள் மஞ்சள் பையோடு மேடை ஏறினாள். புதிதாக எது வந்தாலும் பொட்டு வைக்காமல் ஓட விடுகிற வழக்கம் அவர்கள் வீட்டில் இல்லை. மிக்ஸிக்கு வைத்திருக்கிறார்கள், டிவிக்கு வைத்திருக்கிறார்கள். அந்த லைட் போர்டுக்கு அங்கப்பனே மூன்று பொட்டு வைத்திருந்தார். ராசாத்தாள் ரப்பர் ஷீட்டில் சந்தனம் தடவி, பெரிதாகக் குங்குமம் வைத்து, ஒரு செவந்திப் பூவையும் வைத்து, “என்ர புள்ளைக்கு ஒரு கொறையும் வரக்கூடாது சாமி” என்று கும்பிட்டுவிட்டு இறங்கினாள்.

திரை விலகியது. அங்கப்பன் தன் கையாலேயே பச்சையைப் போட்டுவிட்டு, முன்வரிசையில் ராசாத்தாளுக்குப் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். கைகளை என்ன செய்வதென்று அவருக்குத் தெரியவில்லை.

காவிரி துள்ளி வந்தாள். நடுவில் காலை ஓங்கினாள். கீழே குங்குமம். ஓங்கிய கால் அப்படியே நின்றது. பிறகு ஒரு தாண்டு தாண்டி, குனிந்து தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். ஓங்கி மிதித்தால்தான் அசையும் ஸ்விட்ச், தொட்டதற்கெல்லாம் அசையுமா? பின்னாலேயே வந்த பவானி, நொய்யல், அமராவதி மூவரும் வரிசையாகத் தாண்டி, வரிசையாகக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்கள். இதுவும் நடனம்தான் என்று சபை கைதட்டியது.

“ஏம்புள்ள, அதுமேல பொட்டு வச்சது ஆரு?”

“நாந்தானுங்க. புது மெசினாச்சே.”

என்ன சொல்லித் திட்டுவது? எழுந்தார். போர்டு பத்தே எட்டு தூரத்தில்தான் இருந்தது. ராசாத்தாள் அவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள்.

“போனீங்கன்னா நீங்க திரும்பி வரமாட்டீங்க. உக்காருங்க.”

அது உண்மை என்பது அவருக்கும் தெரியும். உட்கார்ந்தார். பச்சையிலேயே கொடுமுடி வந்தது. யாராவது சிரிக்கிறார்களா என்று திரும்பிப் பார்த்தார். ஒருவரும் சிரிக்கவில்லை. லைட்டை ஒருவரும் பார்க்கவே இல்லை. வேறு வழியில்லாமல் அவரும் மகளைப் பார்த்தார்.

என்னமாய் ஆடுகிறாள் என்று இருந்தது. ஆனால் ஒவ்வொரு சுற்று முடியும்போதும் அவள் கண் மேடையின் இடது ஓரத்துக்கு ஒரு நொடி போய்த் திரும்பியது. டீச்சர் சொல்லிக் கொடுத்த அபிநயம் என்று முதலில் நினைத்தார். நாலாவது முறை, அங்கே என்னதான் இருக்கிறது என்று எட்டிப் பார்த்தார். அவருடைய ஸ்டூல் காலியாகக் கிடந்தது. முன்னால் உட்காரச் சொன்னவளே அவள்தான். கண்ணுக்குப் பழக்கம் விடவில்லை.

“புள்ள ஏன் அந்தப் பக்கமே பாக்குது?”

“ஒண்ணாங் கிளாசுல இருந்தே அப்படித்தானுங்க. நீங்க ஒருக்கா நிமுந்து பாப்பீங்களான்னு பாக்கும்.”

 அடுத்த சுற்றில் மகளின் முகம் இடது பக்கம் திரும்பப் போனபோது, அங்கப்பன் எழுந்து நின்று கையைத் தூக்கி ஆட்டினார். அவள் பார்த்துவிட்டாள். அப்புறமும் ஆட்டிக்கொண்டே இருந்தார், “ஏனுங்க, மறைக்குதுங்க, கொஞ்சம் உக்காருங்க” என்று பின்வரிசையில் ஒருவர் சொல்லும்வரை.