கண்ணை மூடினால் விழுகிறவன்

என் வாழ்நாளில் ஒரு சொட்டுக்கூடத் தொடாமல் இருந்த சில மாதங்களில்தான் எனக்குக் குடிகாரன் என்று பேர் வந்தது. அதற்கு முன்னால் வாரம் தவறாமல் குடித்தேன். அப்போது யாரும் ஒன்றும் சொல்லவில்லை. குடித்துவிட்டு நேராக நடந்து வீட்டுக்குப் போவேன்.

இது எழுபதுகளில் நடந்தது. சித்திரபுரத்துக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டம். அதன் ஃபாக்டரியில் எனக்கு மூட்டை சுமக்கிற வேலை. லாரியில் வந்து இறங்குகிற பச்சைக் கொழுந்தை வாட்டுவதற்காக மரப்படி வழியாக மேல்மாடிக்குக் கொண்டுபோக வேண்டும். படிப்பு கிடையாது. எழுத்துக் கூட்டக் கற்றுக்கொண்டதே நாற்பது வயசுக்கு மேல்தான். மழைக்குக்கூடப் பள்ளிக்கூடத்துப் பக்கம் ஒதுங்காதவன் என்று சிலரைச் சொல்வார்கள். எங்கள் மலையில் வருஷத்தில் ஆறு மாசம் மழை. அப்படி ஒதுங்கியிருந்தால் நான் டாக்டராகியிருப்பேன். இந்தக் கதையும் வேறு மாதிரி முடிந்திருக்கும்.

முதலில் இருமல் வந்தது. பிறகு எச்சிலில் ரத்தம் வந்தது. கீழே பெரிய ஆசுபத்திரியில் நெஞ்சைப் படம் எடுத்துப் பார்த்துவிட்டு டிபி என்றார்கள். தினம் ஒரு ஊசி, கூடவே மாத்திரை, மூன்று மாசத்துக்கு. குடியை அறவே விடச் சொன்னார்கள், விட்டேன். ஊசியைத் தோட்டத்து டிஸ்பென்சரியிலேயே போட்டுக்கொள்ளலாம்.

என் பெண்டாட்டி அன்றைக்கே முடிவு செய்துவிட்டாள். "யாருகிட்டயும் மூச்சு விடாதீக. முதுகு வலிக்கு ஊசி போடுறாகன்னு சொல்லுங்க."

அவள் பயம் நியாயமானது. லயத்தில் பத்து வீடும் ஒரே கூரை, நடுவில் ஒற்றைச் சுவர். ஒருவன் தும்மினால் பக்கத்து வீட்டுக்காரன் மூக்கைத் துடைத்துக்கொள்வான். டிபி என்று தெரிந்தால் டீக்கடையில் தனி கிளாஸ் வைப்பார்கள், குழாயடியில் எங்கள் குடத்தைத் தள்ளி வைப்பார்கள், எங்கள் பையனோடு யாரும் விளையாட விடமாட்டார்கள்.

டிஸ்பென்சரிக்குப் பின்பக்கம் ஒரு பெஞ்சு இருந்தது. டிபிக்காரர்களை யார் கண்ணிலும் படாமல் அங்கேதான் உட்கார வைப்பார்கள். நான் போனபோது அதில் ஏற்கெனவே ஓர் அக்கா உட்கார்ந்திருந்தார். மேல் லயத்துக்காரர், கொழுந்து எடுக்கிறவர். புருஷன் இறந்துபோய் இரண்டு பெண்பிள்ளைகளோடு இருந்தார். அவர் பேரில் வேலை இருக்கிறவரைக்கும்தான் அந்த வீடு. ரத்தம் பற்றவில்லை என்று ஊசி போடுவதாக அவரும் வெளியே சொல்லி வைத்திருந்தார்.

"இங்க பாத்தத வெளிய பேச வேண்டாம் தம்பி," என்றார் முதல் நாளே.

"நான் ஒங்களப் பாக்கவே இல்லக்கா. நீங்க பேசுனது கூட கேக்கல," என்றேன். அவர் சிரிக்கவில்லை. அந்த அக்கா சிரித்து யாரும் பார்த்ததில்லை என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

கம்பவுண்டர் மலையாளி, நல்ல மனுஷன். கண்ணாடிக் குப்பியில் இருக்கிற வெள்ளைப் பொடியில் தண்ணீர் ஏற்றிக் குலுக்கி ஊசியில் இழுப்பார். போட்ட கொஞ்ச நேரத்தில் வாயைச் சுற்றி எறும்பு ஊர்கிற மாதிரி இருக்கும். இருபது ஊசி ஆனதும் நான் சொன்னேன்: "சார், இன்னும் பத்து போட்டா என் பின்பக்கத்தக் கழட்டி ஃபாக்டரிக்குக் குடுத்துருங்க. டீத்தூள் சலிக்க ஆகும்." அவர் சிரித்த சிரிப்பில் பஞ்சு கீழே விழுந்தது. அக்கா சேலையைச் சரிசெய்துகொண்டு எழுந்து போனார்.

ஒரு மாசம் கழிந்து நான் படியேறும்போது படி நகர்ந்தது. நடந்தால் எதிரே இருக்கிற தேயிலைச் செடியெல்லாம் என்னோடு சேர்ந்து குதித்தது. நின்றால் அதுவும் நின்றது. கால் எங்கே இருக்கிறது என்று குனிந்து பார்த்துத்தான் தெரிந்துகொண்டேன்.

கம்பவுண்டரிடம் சொன்னேன். "தரை ஆடுது சார்."

"தரையோ, நீயோ?"

"தரைதான் சார். நான் சும்மாதான் நிக்கிறேன்."

"போடா. அன்னைக்கு டீத்தூள் சலிப்பு, இன்னைக்கு ஆட்டம். நாளைக்கு என்ன?" என்று சிரித்துக்கொண்டே ஊசியைப் போட்டார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். ஒரு மாசமாக நான் நிஜம் என்று எதையும் அவரிடம் சொன்னதில்லை. அன்றைக்கு மட்டும் நிஜம் என்று அவருக்கு எப்படித் தெரியும்?

ஃபாக்டரியில் ஒருநாள் மூட்டையோடு சரிந்து சுவரில் சாய்ந்தேன். கூட வேலை செய்கிறவன், "என்னய்யா, காலையிலேயே ஏத்திக்கிட்டியா?" என்றான். எனக்கு அது வரம் மாதிரி இருந்தது. டிபிக்காரன் என்பதைவிடக் குடிகாரன் எவ்வளவோ மேல். குடிகாரனுக்கு யாரும் தனி கிளாஸ் வைப்பதில்லை. "ஆமா, லேசா," என்றேன். அதோடு விட்டிருக்கலாம். எனக்கு எதையும் அரைகுறையாகச் செய்து பழக்கமில்லை. மறுநாள் முதல் கண்ணைச் செருகினேன், பாட்டுப் பாடினேன், லாரிக்குச் சலாம் போட்டேன். ஃபாக்டரி முழுக்கச் சிரித்தது. மேலதிகாரி என்னைப் படியிலிருந்து இறக்கிக் கீழே கூட்டிப் பெருக்கப் போட்டார். உயிர் தப்பியது என்று நினைத்துக்கொண்டேன்.

வீட்டில் மட்டும் அந்த நாடகம் செல்லவில்லை. ஒருநாள் காலை வாசலில் முகத்துக்குச் சோப்புப் போட்டேன். கண்ணை மூடியதும் யாரோ பிடித்துத் தள்ளின மாதிரி வாளியோடு விழுந்தேன். பெண்டாட்டி தூக்கி நிறுத்தினாள்.

"குடிக்கிறப்ப ஒழுங்கா நடந்தீக. குடிய விட்டதும் தள்ளாடுறீக. இது என்ன கூத்து?" என்றாள். வாளியை எடுத்து நிமிர்த்திவிட்டு, "கண்ணத் தொறந்திருந்தா நிக்கிறீக. மூடுனாத்தான் விழுறீக," என்றாள். நானும் பிறகு திரும்பத் திரும்பச் செய்து பார்த்தேன். அப்படியேதான் இருந்தது. முட்டியில் நாலு காயம் மிச்சம்.

அந்த வாரம்தான் மேல் மலையில் அக்கா விழுந்தார். கொழுந்துக் கூடையோடு சரிவில் உருண்டு, கீழ் வரிசைச் செடியில் சிக்கி நின்றார். இரண்டு நாள் கழித்து மறுபடியும் விழுந்தார். கங்காணிக்குச் சந்தேகம் வந்தது. எல்லார் வாயையும் மோந்து பார்த்தே வேலையில் உயர்ந்தவர் அவர்.

"இவளும் அந்தக் கோமாளியும் தினமும் டிஸ்பென்சரிக்குப் பின்னாலருந்து ஒண்ணாத்தான் வர்றாக," என்று அவர் சொல்ல, அது மாலைக்குள் எல்லா லயத்துக்கும் போய்விட்டது. கம்பவுண்டரிடம் ஸ்பிரிட்டு வாங்கி நாங்கள் இரண்டு பேரும் குடிக்கிறோம் என்று பேச்சு. நான் போட்ட வேஷத்தில் அந்த அக்காவுக்கும் ஒரு பங்கு கிடைத்துவிட்டது.

மறுநாள் பெஞ்சில் அவர் என்னைத் திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். திட்டியிருந்தால் தேவலை.

"நீ ஆம்பள. குடிகாரன்னா ஒனக்கு அது ஒரு பேரு," என்றார். "நாளைக்குப் பெரட்டுல என்னய விசாரிக்கிறாகளாம். வேலைய விட்டு நிறுத்துனா வீட்டத் தரணும். ரெண்டு பொம்பளப் பிள்ளைய எங்க கூட்டிட்டுப் போவேன்?"

"அக்கா, ஒங்களுக்கும் தரை ஆடுதா?"

"மூணு வாரமா."

"ஏன் சொல்லல?"

"நீ சொன்ன. அவரு சிரிச்சாரு." முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு, "ஊசிய நிப்பாட்டிட்டா அந்தச் சீக்கு என்னயக் கொண்டு போயிரும்ல. அதான் ஆடுனா ஆடட்டும்னு இருந்தேன்," என்றார்.

குடிக்காத இரண்டு பேர், ஒரே ஊசி, ஒரே ஆட்டம். என் மரமண்டைக்கு அன்றைக்குத்தான் அது உறைத்தது. வீட்டுக்குப் போய்ப் பெண்டாட்டியிடம் சொன்னேன். அவள் நெடுநேரம் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். அப்புறம், "சொல்லிருங்க," என்றாள்.

பெரட்டு என்றால் காலையில் ஆளெடுக்கிற களம். மொத்தத் தோட்டமும் நிற்கும். ஃபீல்டு ஆபீசர் மேசை போட்டு உட்கார்ந்திருந்தார். சீக்காளிகள் பேர் எடுக்கக் கம்பவுண்டரும் பக்கத்தில் நின்றார். கங்காணி பிராதைச் சொல்லி முடித்ததும் நான் முன்னால் போனேன். நான் நடந்ததைப் பார்த்தே பாதிப் பேர் சிரித்தார்கள்.

"சார், இந்த அக்கா குடிக்கல. நானும் குடிக்கல. எனக்கு டிபி. அதுக்குப் போடுற ஊசிதான் எங்களத் தள்ளுது."

இன்னும் பெரிய சிரிப்பு. கூட்டத்திலிருந்து ஒருத்தன், "ஊசியில என்ன சாராயமா ஏத்துறாக?" என்றான். அது நல்ல தமாஷ்தான். வேறொரு நாளாக இருந்தால் அதை நானே சொல்லியிருப்பேன்.

"குடிச்சவன் கண்ணத் தொறந்தாலும் ஆடுவான், மூடுனாலும் ஆடுவான்," என்றேன். "நான் தொறந்தா நிப்பேன். மூடுனா விழுவேன். பாருங்க." காலைச் சேர்த்து வைத்து நின்றேன். கண்ணை மூடினேன்.

மேசை முனையில் தாடை இடித்துத் தரையில் கிடந்தபோது களம் முழுக்கக் கைதட்டியது. நிஜமாக விழுந்ததற்கு என் வாழ்க்கையில் கிடைத்த ஒரே கைதட்டல். வாயில் ரத்தம். ஃபீல்டு ஆபீசர், "மதி, மதி," என்று மலையாளத்தில் நிறுத்தி, "போதும், எழுந்து போ," என்றார். நான் எழுந்திருக்கப் பார்த்தேன். அழுகை வந்தது. அதற்கும் சிரித்தார்கள்.

அப்போது அக்கா என் பக்கத்தில் வந்து நின்றார். ஒன்றும் பேசவில்லை. கூடைக் கயிற்றைத் தலையிலிருந்து எடுத்துக் கீழே வைத்தார். காலைச் சேர்த்தார். இரண்டு கையாலும் கண்ணைப் பொத்திக்கொண்டார். ஒரு மூச்சு நேரம் நின்றிருப்பார். வெட்டின மரம் மாதிரி பக்கவாட்டில் சாய்ந்தார். கம்பவுண்டர் பாய்ந்து பிடித்தார்.

யாரும் சிரிக்கவில்லை. வாழ்நாளில் ஒரு தமாஷ் பண்ணாத மனுஷி அவர். நான் ஆயிரம் வார்த்தை சொல்லி நம்பாததை, அவர் வாய் திறக்காமல் விழுந்ததும் நம்பிவிட்டார்கள். அவரைப் பிடித்துக்கொண்டிருந்த கம்பவுண்டரின் முகத்தில் ரத்தமே இல்லை. "இவன் சொன்ன பெறகு ரெண்டு பேருக்குமா நாப்பது ஊசி," என்று அவர் தனக்குள் சொன்னது எனக்குக் கேட்டது.

அன்றைக்கு அவர் எங்களுக்கு ஊசி போடவில்லை. ஆபீஸிலிருந்து போன் போட்டுப் பெரிய ஆசுபத்திரி டாக்டரை வரவழைத்தார். டாக்டரும் எங்கள் இரண்டு பேரையும் கண்ணை மூடி நிற்கச் சொன்னார். இந்தத் தடவை பின்னால் ஆள் நிறுத்தி வைத்திருந்தார்கள். காதுக்குள்ளே ஒரு நரம்பு இருக்கிறதாம், உடம்பு சாயாமல் பார்த்துக்கொள்வது அதன் வேலையாம். இந்த ஊசி சில பேருக்கு அதைக் கெடுத்துவிடுமாம். ஊசியை நிறுத்தி வேறு மாத்திரை எழுதினார். ஒரு கை நிறைய விழுங்க வேண்டும், வயிறு எரியும், மாசக்கணக்கில் சாப்பிட வேண்டும்.

"சீக்கு போயிருமா சார்?" என்று அக்கா கேட்டார்.

"மாத்திரைய விடாம சாப்பிட்டா போகும்."

"ஆட்டம்?"

"கொஞ்சம் குறையும். மீதிய உங்க கண்ணுதான் பாத்துக்கணும்."

டாக்டர் எழுதிக் கொடுத்ததால் அக்காவைச் சரிவிலிருந்து எடுத்து, தாய்மார்கள் மலைக்குப் போகும்போது பிள்ளைகளை விட்டுப் போகிற கொட்டகையில் வேலைக்குப் போட்டார்கள். வேலை தப்பியது, வீடும் தப்பியது. மாத்திரை வாங்கப் போயிருந்த ஒருநாள் கம்பவுண்டர் அந்தப் பெஞ்சில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். "நீ அன்னைக்கே சொன்னாயல்லோ. நான் சிரிச்சுப் போயி," என்றார். இன்னும் கொஞ்சம் நகர்ந்து அவருக்கு இடம் விட்டேன். அதற்குப் பிறகு யாருக்கு அந்த ஊசி போட்டாலும் வாரம் ஒருமுறை கண்ணை மூடி நிற்க வைத்துப் பார்ப்பார்.

பயந்த மாதிரியே டீக்கடையில் எனக்குத் தனி கிளாஸ் வந்தது. தோட்டத்துத் துரைக்குக்கூட அந்தக் கடையில் தனி கிளாஸ் கிடையாது என்று சொல்லிப் பார்த்தேன். குடத்தையும் கொஞ்ச நாள் தள்ளி வைத்தார்கள். பையன் கொஞ்ச நாள் தனியாக விளையாடினான். அதை வைத்து எனக்கு எந்தத் தமாஷும் வரவில்லை. ஆனால் இருமலை மறைத்துக்கொண்டிருந்த சிலர் ஒவ்வொருவராக அந்தப் பின்பக்கத்துக்கு வந்தார்கள். பெஞ்சு நீளம் பற்றவில்லை.

ஒரு வருஷம் ஆகியிருக்கும். சீக்கு போய்விட்டது. ஆட்டம் பாதி போனது. வெளிச்சத்தில் நடப்பேன், கைக்கு ஒரு சுவர் இருந்தால் நல்லது. ஒருநாள் காலை பிள்ளைக் கொட்டகைச் சுவரைத் தடவிக்கொண்டே ஃபாக்டரிக்குப் போனேன். வாசலில் அக்கா இடுப்பில் ஒரு குழந்தையோடு, இன்னொரு கையால் நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். என்னை ஏற இறங்கப் பார்த்தார். முகத்தில் ஒரு மாற்றமும் இல்லை.

"என்ன தம்பி, காலையிலேயே ஏத்திக்கிட்டியா?"

எனக்குப் புரியவே கொஞ்ச நேரம் ஆனது. அதற்குள் அவர் உள்ளே திரும்பிவிட்டார். நான் சிரித்த சிரிப்பில் கண் மூடிக்கொண்டது. சுவரைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டேன்.