வேட்டி மாற்றுவது யார்?

நினைவு தப்பிக் கிடக்கும் வயசாளிக்கு மருந்து எழுதுவது சுலபம். யாரைக் கேட்டு எழுதுவது என்பதில்தான் எங்கள் தொழிலே சிக்கும். வீட்டில் ஒருவரைப் படுக்கையில் வைத்துக்கொண்டு முழிக்கிற உங்களுக்கும் இது தெரியும். கிளினிக்கைப் பூட்டியாகிவிட்டது. சில குரல்கள் மட்டும் காதை விட்டுப் போகவில்லை.

டிராக்டரில் வந்தவர்

அருப்புக்கோட்டையில், திருச்சுழி ரோட்டில் நான் கிளினிக் போட்ட புதிது. எம்.ரெட்டியபட்டியிலிருந்து காடுகரை உள்ள ஒரு பெரிய சம்சாரியை டிராக்டரில் கொண்டுவந்தார்கள். இரண்டாவது பக்கவாதம். பேச்சில்லை. மதுரைக்குப் போனாலும் பெரிதாகத் தேறாது என்று சொல்லிவிட்டு, "என்ன செய்யலாம்?" என்றேன். மகன், "சித்தப்பா சொல்லட்டும்" என்றான். சித்தப்பா, "மச்சினன் வரட்டும்" என்றார்.

எனக்குப் பொறுமை கிடையாது. "யோவ், இவருக்கு வேட்டி மாத்துறது யாரு?" என்று கத்தினேன். கூட்டம் விலகியது. கடைசியில், பிளாஸ்கோடு மருமகள்.

"மாமா அசலூருல பச்சத்தண்ணி குடிக்க மாட்டாக. இங்கனயே பாருங்க சார்."

வீரசோழன் போன்

வீரசோழன் ஊர்க் கடைக்காரர் ஒருவர். மூச்சு இழுத்துக்கொண்டிருந்தது. துபாயிலிருந்து மகன் போனில் சத்தம் போட்டான்: "நான் வர்ற வரைக்கும் அத்தாவ மிஷின்ல வைங்க!" பக்கத்தில் இருந்தவர் அவன் சின்னத்தா, கடைக்காரரின் தம்பி; இரவும் பகலும் அண்ணனைப் புரட்டிப் படுக்கவைத்தவர். போனை அண்ணன் வாயருகே பிடித்தார். அந்த இழுப்பை மகன் கேட்டான்.

"மிஷின் வேணாம் டாக்டர். என் சலாத்த மட்டும் அத்தா காதுல சொல்லச் சொல்லுங்க."

என் வீட்டுக்காரி

போன தை மாதம். ஒரு வருஷமாகப் படுத்த படுக்கை. அன்று நினைவும் போய்விட்டது. மதுரையில் சின்ன வயசு டாக்டர் கேட்டார்: "இனி தேறாதுன்னு உங்களுக்கே தெரியும் சார். மிஷினா, வீடா?" மகன் என் முகத்தைப் பார்த்தான். நான் வாயைத் திறந்தேன்.

"மல்லாங்கிணத்துலருந்து மச்சினன் வரட்டும்."

டாக்டர் வாட்சைப் பார்த்தார். நானும் அப்படித்தான் பார்ப்பேன். அவளுக்கு முகம் துடைத்துக்கொண்டிருந்த நர்ஸம்மா, "இம்புட்டுப் பாந்தமா யாரு சார் சடை போட்டுவிட்டது?" என்றாள். "நான்தான்" என்றேன்.

"அப்புறம் எதுக்கு சார் மச்சினன்?"

சடை கலையாமல் அவளை அருப்புக்கோட்டை வீட்டுக்கே கொண்டுவந்து சேர்த்துவிட்டோம். மச்சினன்தான் அப்போதும் மதுரை பஸ்ஸுக்கு நின்றுகொண்டிருந்தான்.