எடை மேடையில் எங்கள் அண்ணன்

அன்புள்ள உற்றார் உறவினர்களே, எங்கள் அண்ணன் அவர்கள் மறைந்து ஓராண்டு நிறைகிறது. அழுதுகொண்டேதான் எழுத உட்கார்ந்தேன். இரண்டு வரிக்குள் சிரிப்பு வந்துவிட்டது. அவர்களை நினைத்தால் அப்படித்தான்.

மல்லசமுத்திரத்தை அடுத்த தோட்டத்தில் ஐந்து பிள்ளைகளில் மூத்தவராகப் பிறந்தார்கள். அப்பா சீக்கிரமே போய்விட, ஏர் பிடித்துக்கொண்டே பள்ளி இறுதி வரை படித்தார்கள், எங்களையும் கரையேற்றினார்கள். எழுபதுகளில் ஆத்தூர்ப் பக்கம் குச்சிக்கிழங்கு என்ற மரவள்ளி விவசாயிகள் கூட்டாக ஒரு சேகோ ஆலை, அதாவது ஜவ்வரிசி ஆலை, தொடங்கியபோது, மேலாளராகப் போனார்கள். நாங்கள் மாப்பிள்ளை என்று அழைக்கும் அண்ணியாரின் தம்பியும் கூடவே போய், ஊர் ஊராகக் கிழங்கு பிடித்து லாரியில் ஆலைக்குக் கொண்டுவரும் தொழிலில் இறங்கினார்.

ஒரு வருடம், வாங்கிய கிழங்குக்கு ஏற்ற ஜவ்வரிசி தேறவில்லை. தோல் உரிக்கும் பெண்கள்தான் கிழங்கை மடியில் கட்டிப் போகிறார்கள் என்று பங்குதாரர்கள் பேசினார்கள். வாசலில் நிறுத்திச் சோதனை போட வேண்டும் என்றார்கள்.

"போடறதுன்னா மொதல்ல என்னையப் போடுங்க" என்று அண்ணன் வேட்டியை இறுக்கிக் கட்டிக்கொண்டு எழுந்து நின்றார்களாம். பேச்சு அன்றைக்கு அடங்கியது, சந்தேகம் அடங்கவில்லை.

அந்தப் பங்குனியில் நான் பிள்ளைகளோடு அங்கே போயிருந்தேன். குடிதண்ணீருக்கே திண்டாட்டம். ஆலைக் காவலாளி ஒரு பெரிய பூசணிக்காயைத் தூக்கிக்கொண்டு வந்தார்.

"ஏதுங்க இது?" என்றார்கள் அண்ணன்.

"நம்ம எடை மேடைக்குப் பின்னால வேலியோரமுங்க. தானா மொளச்சதுங்க."

"ஆரு தண்ணி ஊத்துனது?"

"ஆரும் ஊத்துலீங்க."

லாரியை ஏற்றி நிறுத்தும் எடை மேடை இருப்பது மேட்டில். ஆலைக் கழிவுநீர் அங்கே ஏறாது. அண்ணன் காயைத் தட்டிப் பார்த்தார்கள். மறுநாள் அந்த வேலியோரம் போய் நின்றார்கள். கிழங்கோடு எடை போட்ட லாரி ஒன்று, மூட்டைகளை இறக்கிவிட்டுச் சுற்றிக்கொண்டு அங்கே வந்தது. மூட்டைகளுக்கு நடுவே மறைத்து வைத்திருந்த தண்ணீர் டிரம்களை ஆட்கள் கவிழ்த்தார்கள். அதன் பிறகுதான் வெறும் வண்டிக்கு எடை. கொட்டிய தண்ணீர் அத்தனையும் கிழங்குக் கணக்கில் சேர்ந்துவிடும். முன்னால் உட்கார்ந்திருந்தவர் அண்ணியாரின் தம்பி.

"மாப்ள, பூசணிக்கு நல்லாத்தான் தண்ணி உடறீங்க" என்றார்களாம் அண்ணன்.

அன்று மத்தியானம் இலை முன்னால் அண்ணனின் கை சோற்றை அளைந்துகொண்டிருந்தது. "ஏனுங்க, சோறு எறங்கலீங்களா?" என்று கேட்ட அண்ணியாரிடம் நடந்ததைச் சொன்னார்கள். அண்ணியார் சோற்றுக் கரண்டியைக் கீழே வைத்தார்கள்.

"எந்தம்பின்னு மறைச்சுப்போட்டா அந்தப் பொம்பளைங்க மூஞ்சில நான் எப்படிங்க முழிக்கறது? கூட்டத்துல சொல்லிப்போடுங்க. நானும் வாரேன்."

கூட்டத்தில் அண்ணன் வாயெடுப்பதற்குள் மாப்பிள்ளையே எழுந்துவிட்டார். அந்தப் பெண்களைப் பார்த்துக் கைகூப்பி மன்னிப்புக் கேட்டார். அடுத்த பருவம் தன் சொந்த நிலத்துக் கிழங்கை ஆலைக்குச் சும்மா கொடுத்து ஈடு செய்தார். அண்ணன் வேலையை விட்டு விலகுவதாகச் சொன்னதை யாரும் ஏற்கவில்லை. "அப்படீன்னா எம்மேலயும் ஒரு கண்ணு வெச்சுக்கங்க" என்று சொல்லி, தன் உறவினர் கிழங்கைத் தான் எடை போடுவதில்லை என்றும், விவசாயிகள் முறை வைத்து மேடையருகே நிற்க வேண்டும் என்றும் ஏற்பாடு செய்தார்கள். எந்த லாரி வந்தாலும் தண்ணீரை இறக்கி, ஆட்களும் இறங்கி டீ குடித்த பிறகே எடை.

"மேனேசருக்கு எங்க மேல அம்புட்டுப் பாசமுங்களா?" என்று ஓட்டுநர்கள் கேட்பார்கள்.

"பாசமும் உண்டு சாமி, பாரமும் கொறையுமல்ல?"

அதற்குப் பிறகு ஜவ்வரிசி குறையவில்லை. சோதனைப் பேச்சும் எழவில்லை.

இதையெல்லாம் இந்த நினைவு மலரில் போடலாமா என்று தயங்கினேன். "மறைக்காம எழுதுங்க, மச்சான் பேரு அதுலதான் இருக்குது" என்று சொன்னது மாப்பிள்ளையேதான்.

அண்ணன் நோயுற்றபோது கவனித்த மருத்துவருக்கும், இறுதிச் சடங்குக்கு ஆலையை நிறுத்திவிட்டு வந்த தொழிலாளர்களுக்கும், இன்று வந்திருக்கும் உங்கள் அனைவருக்கும் எங்கள் குடும்பத்தின் வணக்கம். சேலம் ஆஸ்பத்திரியில் கடைசி வரை கட்டிலடியில் பாய் விரித்துப் படுத்திருந்தவர் மாப்பிள்ளைதான். ஒருநாள் நர்ஸம்மா, "இவரு உங்களுக்கு என்ன வேணும்?" என்று கேட்டார். மாப்பிள்ளை பதில் சொல்வதற்குள் அண்ணன் முந்திக்கொண்டார்கள்:

"எங்கூடப் பொறந்தவனுங்க."