ரப்பர் தோட்டத்தில் ஒரு கொழுந்துக் கூடை

எஹலியகொடைப் பக்கம் எங்கள் தோட்டத்துக் கோயில் மண்டபத்தில் இன்று, கணவனை இழந்த பெண்களுக்குத் தையல் மெஷின் கொடுத்தார்கள். என் பெயரும் இருந்தது. இருப்பதிலேயே நல்ல சேலையைக் கட்டிக்கொண்டு போனேன்.

படமெடுக்கக் கொழும்பிலிருந்து வந்த தம்பி, தேயிலை பறிப்பவர்கள் முதுகில் மாட்டும் கொழுந்துக் கூடை ஒன்றை நீட்டினார்.

"அக்கா, இத மாட்டிக்கிட்டு நில்லுங்க. செருப்பக் கழட்டிடுங்க. கொஞ்சம் சோகமா பாருங்க."

"தம்பி, இது ரப்பர் தோட்டம். நான் பால் வெட்டுறவ. கொழுந்துக் கூடைய நான் தொட்டதே இல்ல."

"உதவி பண்றவங்களுக்கு அதெல்லாம் தெரியாதுக்கா. இப்படி சிரிச்சிக்கிட்டு நின்னா கஷ்டப்படுற ஆள் மாதிரியே இல்லயே."

"கஷ்டத்தத்தான் விண்ணப்பப் போம்ல எழுதிக் குடுத்தேனே. மூஞ்சியிலயும் எழுதி ஒட்டணுமா?"

எனக்குப் பின்னால் வரிசையில் நின்ற பெண்கள் சிரித்துவிட்டார்கள். அதன் பிறகு ஒருத்தியும் செருப்பைக் கழற்றவில்லை. கூடையை மூலையில் வைத்துவிட்டு, எல்லோரையும் அப்படியே படமெடுத்தார் தம்பி.

மெஷின் இப்போது என் வீட்டு ஜன்னலோரம் இருக்கிறது.

யாருக்கு ஜாக்கெட் தைக்க வேண்டும், சொல்லுங்கள். அளவுச் சட்டை ஒன்று கொண்டுவந்தால் போதும். சோகமான முகம் தேவையில்லை.