மேசன் பாஸின் சிறுநீரகங்கள்

காலை பத்து மணிக்கு நோயாளியின் இரத்த அழுத்தம் மறுபடி இறங்கியது. எனக்கு வந்ததே கோபம்! விடிந்ததிலிருந்து மல்லுக்கட்டி ஏற்றி வைத்த அழுத்தம் அது.

மாத்தளையில் ஓர் ஆஸ்பத்திரியின் தீவிர சிகிச்சைப் பிரிவில் நான் தாதி. கட்டிலில் கிடந்தவர் யட்டவத்தப் பக்கத்து மேசன் பாஸ், வீடு கட்டும் கொத்தனார். கட்டடச் சாரத்திலிருந்து விழுந்து தலையில் அடிபட்டவர். மூளை முழுதாக இறந்துவிட்டதை டாக்டர்மார் முந்தின நாளே இரண்டு தடவை சோதித்து உறுதி செய்திருந்தார்கள். மெஷின் மூச்சுக் கொடுத்ததால் இதயம் மட்டும் அடித்துக்கொண்டிருந்தது. அவருடைய சிறுநீரகங்களைக் கொடுக்க மனைவி சம்மதித்துக் கையெழுத்துப் போட்டுவிட்டார். எடுக்கும் குழு பின்னேரம்தான் கண்டியிலிருந்து வரும். அதுவரை அந்த இரண்டையும் கெடாமல் காப்பது என் பொறுப்பு.

மூளை போன உடம்பு சொல்பேச்சுக் கேட்காது. சிறுநீர் பைப்பைத் திறந்துவிட்ட மாதிரி கொட்டும், இரத்தத்தில் உப்பு ஏறும், உடம்பு குளிரும், அழுத்தம் விழும். அழுத்தம் விழுந்தால் சிறுநீரகத்துக்கு இரத்தம் போகாது. இங்கே நான் அசட்டையாக இருந்தால், அங்கே அதைப் பெறுகிறவர் மாற்றிய பிறகும் நாள்கணக்கில் டயலிசிஸில் கிடக்க வேண்டி வரலாம். அதை நினைத்தாலே எனக்கு இருப்புக்கொள்ளாது.

எங்கள் வார்டு உதவியாளர் நல்ல மனுஷன், வாய்தான் கொஞ்சம் நீளம். "ஏன் மிஸ் இந்த ஓட்டம்? ஆளு போயிட்டாரே" என்றார்.

"ஆளு போயிட்டாரு, கிட்னி போகல. போய்க் கம்பளிய எடுத்துட்டு வாங்க!" என்று கத்திவிட்டேன்.

டாக்டர் சொன்ன மருந்தை ஏற்றினேன். மணிக்கு மணி சிறுநீரை அளந்து, போன அளவுக்குச் சேலைனை விட்டேன். அழுத்தம் மெல்ல ஏறியது. அட, ஏறுதடா என்று துள்ளாத குறை.

அந்தச் சந்தோஷத்தில்தான் வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டேன். நோயாளிக்கு எதைச் செய்தாலும் சொல்லிவிட்டுச் செய்வது என் பழக்கம். "அண்ணே, திருப்பிப் படுக்க வைக்கிறேன், கொஞ்சம் பொறுத்துக்குங்க" என்றபடி நிமிர்ந்தால், வாசலில் அவர் மனைவி.

"அவருக்குக் கேக்குதா மிஸ்? அப்ப உசிரு இருக்கா? நான் அவசரப்பட்டுக் கையெழுத்துப் போட்டுட்டேனா?"

ஐயோ, என் நாக்கை இழுத்து வைத்து அறுக்கலாம் போலிருந்தது. சிறுநீரகம்கூட அப்போது இரண்டாம்பட்சம். தான்தான் புருஷனைக் கொன்றதாக இந்தப் பெண் நினைத்துவிட்டால்? ஓடிப்போய்க் கையைப் பிடித்தேன்.

"இல்லம்மா, கேக்காது. அவரு நேத்தே போயிட்டாரு. மெஷின நிப்பாட்டினா மூச்சு வராது. பேசினது என்னோட பழக்கதோஷம், தப்பு என் மேலதான். குடுக்க வேணாம்னா இப்பவும் சொல்லுங்க. யாரும் கோவிக்க மாட்டாங்க."

அவர் நெடுநேரம் புருஷனின் காலைத் தடவிக்கொண்டு நின்றார்.

"கேக்காட்டியும் பரவால்ல. நீங்க சொல்லிச் சொல்லியே செய்ங்க" என்றார்.

பிறகு எனக்கென்ன! பின்னேரம் வரை வாய் ஓயவில்லை. "அண்ணே, அழுத்தம் நல்லாருக்கு! அண்ணே, உப்பு இறங்கிருச்சு!" உதவியாளரும் கம்பளியை இழுத்துவிட்டு, "பாஸ், போத்தி விடுறேன்" என்றார். குழு வந்து அவரை ஆபரேஷன் தியேட்டருக்குக் கொண்டுபோனபோது எல்லா அளவும் சரியாக இருந்தது.

மறுநாள் மத்தியானம் போன் வந்தது. இரண்டு பேருக்கு வைத்தார்களாம். தைத்த கையோடு, ஆபரேஷன் மேசையிலேயே இருவருக்கும் சிறுநீர் வந்துவிட்டதாம். போனை வைத்தேனா, தொங்கவிட்டேனா, தெரியாது. உடலைப் பெற்றுக்கொள்ளக் கீழே காத்திருந்த அவர் மனைவியிடம் ஓடினேன். யாருக்கு வைத்தார்கள் என்று எனக்கும் தெரியாது, தெரிந்தாலும் சொல்லக்கூடாது.

"வேலை செய்யுதும்மா! ரெண்டும்! வச்ச உடனே வேலை செய்யுது!"

அவர் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டார். அழுகிறார் என்று நினைத்தேன், சிரித்துக்கொண்டும் இருந்தார்.

"அவரு அப்படித்தான் மிஸ். எந்த வீட்டுக்குப் போனாலும் சும்மா உக்காரத் தெரியாது."