படிக்காமல் போட்ட கையெழுத்து

வக்கீலம்மாவுக்குக் கொலை வழக்கும் தெரியாது, சொத்து வழக்கும் தெரியாது. இருபத்தாறு வருஷமாக ஒரே வேலைதான்: கொடுத்த கடனைக் கேட்டு நோட்டீஸ் அனுப்புவது, மசியாவிட்டால் வழக்குப் போடுவது. மாடியேறி மூச்சு வாங்க வரும் கட்சிக்காரரிடம் தண்ணீர்கூடக் கொடுக்காமல் முதலில் கேட்பது, "எந்தத் தேதியில குடுத்தீங்க?" கடனுக்கு மூன்று வருஷம் தாண்டினால் கோர்ட் கதவு சாத்திக்கொள்ளும். அதற்குள் கடன்காரன் 'கொஞ்சம் டைம் குடுங்க' என்று ஒரு வரி எழுதிக் கையெழுத்துப் போட்டால், அந்த மூன்று வருஷம் மறுபடி முதலிலிருந்து ஓடும். அந்த ஒரு வரியை வாங்குவதில் அம்மா கில்லாடி. வாயே திறக்காத ஆளையும் பேசவைத்துவிடுவார் என்று கோர்ட் வராந்தாவில் பேர்.

தம்பியிடம் மட்டும் அந்தப் பேர் பலிக்கவில்லை.

பேட்டரிக் கடை வைக்க அவரிடம் பணம் வாங்கியவன், வேண்டாமென்றாலும் கேளாமல் வட்டியில்லாத பத்திரம் எழுதிக் கொடுத்தான். "வக்கீலுக்கே எழுதாம கடனா? ஊரு சிரிக்கும்க்கா." ஒன்றரை வருஷத்தில் கடை படுத்தது. முகம் காட்டக் கூசி வேறு ஊருக்குப் போனவன், போன் நம்பரையும் மாற்றினான். வேலை பார்க்கும் ஒர்க்‌ஷாப்பின் விலாசம் மட்டும் கிடைத்தது. நான்கு கடிதத்துக்கும் பதில் இல்லை. நேரில் போனால் அங்கிருந்தும் ஓடிவிடுவானோ என்று பயம்.

முன்பெல்லாம் மதியத்தில் இரண்டிரண்டு படியாகத் தாவி வருவான். "அக்கா, பசிக்குது!" என்ற குரல் முதலில் வரும், ஆள் பின்னால் வருவான். அவருடைய சாப்பாட்டில் பாதி அவனுக்குத்தான். இப்போதும் படியில் யாராவது வேகமாக ஏறினால் அவர் தலை தானாக நிமிரும். வருவது தபால்காரர்.

மூன்று வருஷம் முடிய இருபது நாள் இருந்தது. பணம் போனால் மயிரே போச்சு. அந்தத் தேதி தாண்டினால் தனக்கும் அவனுக்கும் நடுவில் ஒன்றுமே இல்லையென்று சட்டமும் சொல்லிவிடும், அதுதான் அவரை அரித்தது. 'கொஞ்சம் டைம் குடுக்கா' என்று அவன் கையால் ஒரு வரி வந்தால் போதும்.

குமாஸ்தாவிடம் நோட்டீஸ் அடிக்கச் சொன்னார். கமாவைக்கூட விடாமல் படிக்கிற மனுஷி, தம்பி பேரைக் கடன்காரன் என்ற சொல்லுக்குப் பக்கத்தில் பார்க்க மாட்டாமல், கண்ணைத் திருப்பிக்கொண்டு கையெழுத்துப் போட்டார்.

எட்டாம் நாள் மதியம் படியில் காலடி கேட்டது. பாதியில் நின்றது. பிறகு இறங்கிப் போனது.

"யாரோ புதுக் கட்சிக்காரர், பயந்துட்டாருபோல" என்றார் குமாஸ்தா.

பன்னிரண்டாம் நாள் ஒரு கவர் வந்தது. உள்ளே முழுத் தொகைக்கும் பேங்க் டிராஃப்ட். கடிதம் இல்லை, ஒரு சொல்கூட இல்லை. கவரின் பின்பக்கம் தம்பியின் கோணல் எழுத்தில் அவன் வீட்டு விலாசம்.

"இப்படி ஒரு ஒழுங்கான பார்ட்டிய நான் பாத்ததே இல்லம்மா! வட்டியோட அனுப்பிட்டாரு. ஃபைலை மூடிடவா?"

"வட்டியா? எந்த வட்டி?"

நோட்டீஸ் நகலை அப்போதுதான் படித்தார். குமாஸ்தா வழக்கமான ஃபாரத்தையே அடித்திருந்தார். நூற்றுக்குப் பன்னிரண்டு வட்டி. கீழே வழக்கமான வரி: கடன் கொடுத்த கட்சிக்காரரை நேரிலோ போனிலோ தொடர்புகொள்ளக் கூடாது.

"வட்டிய திருப்பிக் குடுக்கணும்" என்று எழுந்தார்.

"தபால்ல அனுப்பிடறேம்மா."

"வேண்டாம். நானே போறேன்."

மறுநாள் கதவைத் திறந்த தம்பிக்கு முன்நெற்றி ஏறியிருந்தது. அக்காவைப் பார்த்தான், கையிலிருந்த ஆபீஸ் கவரைப் பார்த்தான். முகம் செத்துப்போனது.

"இன்னும் பாக்கி இருக்காக்கா?"

வட்டிப் பணம் இருந்த கவரை அவர் இறக்கிப் பிடித்தார்.

"வட்டி நான் கேக்கலடா. படிக்காம கையெழுத்துப் போட்டுட்டேன்."

"நீயா? படிக்காமயா?" சிரிக்கப் பார்த்தான், வரவில்லை. "நோட்டீஸ் வந்ததும் உன்னப் பாக்கக் கிளம்பி வந்தேன்க்கா. பாதி மாடி ஏறிட்டேன். நேர்ல வரக் கூடாதுன்னு எழுதியிருந்தது ஞாபகம் வந்துச்சு. திரும்பிட்டேன்."

வக்கீலம்மா வாசற்படியிலேயே உட்கார்ந்தார். கவர் மடியிலிருந்து நழுவியதை எடுக்கவுமில்லை.

"பசிக்குதுடா" என்றார்.